மோட்டார் ரூமில் ஒரு கால்பந்து டீம்

போன வாரம் ராத்திரி த்ரீ பேஸ் கரண்டுக்காக மோட்டார் ரூமில் உக்காந்திருந்தேன். போனை எடுத்துப் பாத்தா எங்க டீம் 3-1ல தோத்திருக்கு. எங்க ஊரு கபடி டீம் இல்லீங்க. ஹாட்ரிக்.

பட்டணத்து நண்பர்கள் பலருக்கு இந்தப் பேரே தெரியாது. இதுல நாம பந்தை உதைக்கிறதில்லை, டீமை நிர்வாகம் பண்றோம். ஆளு வாங்குறது, விக்கிறது, பயிற்சி, சம்பளம், ஸ்டேடியம் எல்லாம் நம்ம பொறுப்பு.

இந்த மாதிரி விளையாட்டு முன்னாடியே உண்டு. 1982ல் இங்கிலாந்துல கெவின் டாம்ஸ்ங்கிறவர் ஃபுட்பால் மேனேஜர்னு ஒண்ணு போட்டார். 1992ல் காலியர் சகோதரர்களோட சாம்பியன்ஷிப் மேனேஜர் வந்துச்சு. அதெல்லாம் பெரும்பாலும் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னாடி தனியா உக்காந்து ஆடுறது. 1997ல் ஸ்வீடன்ல பியோன் ஹோல்மேர் ஹாட்ரிக்கை இன்டர்நெட்டுல விட்டார். எதிர்ல நிக்கிற டீமுக்கும் ஒரு மனுசன் முதலாளியா இருந்தான். அதான் புதுசு.

அப்போ இன்டர்நெட் எவ்வளவு மெதுவுன்னு உங்களுக்கே தெரியும். விளையாட்டும் அதுக்கேத்த மாதிரிதான். வாரத்துக்கு ஒரு லீக் மேட்ச். பயிற்சியோட பலனும் வாரத்துக்கு ஒருக்காத்தான் தெரியும். ஒரு சீசன் 16 வாரம், அதாவது 112 நாள். அதுக்குள்ள ஆட்டக்காரனுக்கு ஒரு வயசு ஏறிடும். 17 வயசுப் பையனை வாங்கினா மூணு வருசத்துல அவனுக்கு 26 தாண்டிடும். படமே கிடையாது, மேட்ச் நடக்குறது எழுத்துல ஓடும். ஆளோட திறமையையும் நம்பர்ல சொல்லாம, சுமார், நல்லா இருக்கு, தெய்வீகம்னு வார்த்தையில சொல்லும். சந்தையில மாட்டைப் பாத்து நாங்க பேசுறதும் இப்படித்தான்.

உலகம் பூரா தன்னார்வலர்கள் அவங்கவங்க பாஷையில மொழிபெயர்த்தாங்க. 2009 வாக்குல மேனேஜர் எண்ணிக்கை 10 லட்சத்தை நெருங்குச்சு. அப்புறம் கையில ஸ்மார்ட்போன் வந்துச்சு, ஒரு வாரம் காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை. கூட்டம் கரைஞ்சுது. முதலாளி ரொம்ப நாள் உள்ள வரலேன்னா டீமை கம்ப்யூட்டர் எடுத்துக்கும், பாட் டீம்னு பேரு. ஆனா மேட்ச் நிக்காது. பட்டணம் போனவங்க தரிசாப் போட்ட காட்டுல சீமைக்கருவேலம் தானா வளர்ற மாதிரி.

எனக்கு இதைக் கத்துக் கொடுத்ததே என் பையன்தான், காலேஜ் படிக்கிறப்போ. அவனுக்கு ஒரு டீம், எனக்கு ஒண்ணு. ஞாயித்துக்கிழமை போன் பண்ணா முதல்ல மழையைக் கேப்பான், அப்புறம் ஸ்கோரைக் கேப்பான். வேலைக்குப் போய் ரெண்டு வருசத்துல அவன் டீம் பாட் ஆயிடுச்சு. போனும் குறைஞ்சுது. நான் சண்டை போடலை. வேலை அப்படி.

பொங்கலுக்கு வந்தவன், என் போனை வாங்கி டீமை மேல கீழ தள்ளிப் பாத்தான்.

"இன்னுமாப்பா வெச்சிருக்கீங்க? மிட்ஃபீல்டு ரொம்ப வீக்கா இருக்கே."

"ஆமாப்பா, ஆளுங்களுக்கு வயசாயிடுச்சு."

ஊருக்குப் போற பஸ்ஸுல இருந்தே புதுசா ஒரு டீமுக்குப் பதிஞ்சுட்டானாம். கடைசி டிவிஷன்லதான் போட்டிருக்காங்க. மொத மேட்ச் 5-0ல தோத்தான். அந்த ஞாயித்துக்கிழமை போன் வந்துச்சு.