உன்னிச்செடியும் சோலிகரும்: மாதேஸ்வரன் மலையில் ஓர் அந்நியச் செடியின் வரலாறு

நியூசிலாந்தில் வெலிங்டன் நகரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, "மாமா, நேத்து தோட்டத்துல வச்ச பொறியில ஒரு எலி மாட்டிச்சு, தெருவே கொண்டாடுது" என்றான். எலி பிடித்ததற்கா கொண்டாட்டம் என்று சிரித்தேன். பிறகுதான் விளக்கினான். வௌவால் தவிர வேறு நிலவாழ் பாலூட்டியே இல்லாதிருந்த தீவுகள் அவை. அதனால் அங்குள்ள பறவைகள் பல பறக்க மறந்து தரையிலேயே கூடு கட்டின. கப்பலில் எலி வந்தது. வெள்ளைக்காரர் முயலைக் கொண்டுவந்தார்கள். முயல் பெருகிப் புல்லை மேய்ந்து தீர்க்கவே, அதை ஒடுக்க 1880களில் கீரி போன்ற ஸ்டோட் என்னும் பிராணியை இறக்கினார்கள். அது கிவிப் பறவையின் குஞ்சுகளைத் தின்ன ஆரம்பித்தது. இவற்றை 2050க்குள் ஒழிப்பது என அந்நாட்டு அரசு 2016இல் இலக்கு வைத்தது. சம்பளம் வாங்காமல் ஊர்மக்களே வீட்டுக்கு வீடு மரப்பெட்டிப் பொறி வைக்கிறார்கள்.

"நம்ம பக்கம் இப்படி ஏதாவது உண்டா மாமா?" என்று கேட்டான். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது மாதேஸ்வரன் மலைதான். அங்கே வந்தேறியது விலங்கல்ல, செடி. ஆனாலும் கதை ஒன்றுதான்.

சேலம், தருமபுரி, ஈரோடு பக்கத்துக் குடும்பங்களுக்கு மாதப்பன் மலையைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மேட்டூர், கொளத்தூர், பாலாறு வழியாகப் போய், "உகே மாதப்பா" என்று கன்னடத்தில் கூவிவிட்டுத் தமிழில் வேண்டிக்கொண்டு திரும்பும் வழக்கம் தலைமுறைகளாக உள்ளது. 1956 நவம்பர் 1 வரை கொள்ளேகால் வட்டமே கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். பிறகு மைசூர் மாவட்டம், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். எங்கள் வீட்டில் இன்றும் "மைசூர் ஜில்லா" என்றே சொல்கிறோம்; பழக்கம் போகவில்லை.

மலைப்பாதையின் இருபுறமும் ரோஜா, மஞ்சள் நிறங்களில் கொத்துக் கொத்தாய்ப் பூத்து நிற்குமே, அதுதான் உன்னிச்செடி. சிறு வயதில் பூவின் அடியைப் பிடுங்கித் தேன் உறிஞ்சியிருக்கிறோம். நம்ம ஊர்ச் செடி என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். தென், மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த அந்த லாண்டானா, 1807-09 வாக்கில் அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்டது. அங்கிருந்து வேலி தாண்டி நாடெங்கும் பரவிவிட்டது. காட்டில் அதைப் பரப்பியவர்கள் யார் தெரியுமா? புல்புல் என்னும் கொண்டைக்குருவி போன்ற நம் சொந்தப் பறவைகள்தான்! கறுத்த பழத்தைத் தின்று விதையை எச்சத்தில் போட்டுவிடுகின்றன. நியூசிலாந்தில் பறவையைத் தின்ன வந்த பகை. இங்கே பறவைக்கு விருந்து வைத்து வளர்ந்த பகை.

அப்படியானால் பறவைக்கு லாபம்தானே என்று தோன்றும். மாதேஸ்வரன் மலைக் காட்டிலேயே பெங்களூர் ஆய்வாளர்கள் பறவைகளைக் கணக்கெடுத்து 2010இல் வெளியிட்ட ஆய்வு வேறு சொல்கிறது. உன்னி அடர்ந்த இலையுதிர் காட்டில் பறவை வகைகள் குறைகின்றன. முக்கியமாக, மர உச்சியில் பூச்சி பிடித்துத் தின்பவை. புதர் அடியில் மரக்கன்று முளைக்க வழியில்லை என்பதும் கவலைக்குரியது. கிழமரம் சாய்ந்தால் அந்த இடத்துக்கு வர வேறு மரம் இருக்காது.

இதை ஆய்வாளருக்கு முன்பே அறிந்தவர்கள் சோலிகர். மலையில் சில வருடம் முன்பு ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "தீ நின்னுச்சு, இது வந்துச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கோடையின் தொடக்கத்தில் உதிர்ந்த சருகுக்கு மட்டும் மெல்லிய தீ வைப்பது அவர்கள் வழக்கம். 'தரகு பெங்கி' என்று பெயர். வனச் சட்டங்கள் அதைக் குற்றமாக்கின. தீ நின்றது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்துப் பிலிகிரிரங்கன் மலையில் 1997க்கும் 2008க்கும் இடையில் உன்னி பரவிய இடங்கள் ஏறத்தாழ இரட்டிப்பானதாகக் கணக்கெடுப்பு காட்டியது. தீ தடுக்கப்பட்ட காலம்தான் அது. இப்போது உலர்ந்த உன்னிப் புதரில் தீப்பிடித்தால் சருகுத்தீ போல அடங்காது, மர உச்சிவரை ஏறுகிறது என்பதையும் பெரியவர் சொன்னார்.

சரி, பொறி எங்கே? 2004 வாக்கில் பெங்களூரைச் சேர்ந்த ஏட்ரீ ஆய்வு நிறுவனம் இம்மலையில் சோலிகருக்கும் கூடை முடைவோருக்கும் உன்னித் தண்டில் நாற்காலி, மேசை செய்யக் கற்றுக் கொடுத்தது. மூங்கில் அரிதாகிப்போன காலம் அது. தண்டை வெட்டி, வேகவைத்து, தோலை உரித்தால் பிரம்பு மாதிரி வளைகிறது. நீலகிரிப் பக்கத்துப் பழங்குடியினர் இதே செடியில் ஆளுயரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் செய்தார்கள். அவை 2021இல் லண்டன் பூங்காக்களிலும், 2024இல் நியூயார்க்கிலும் நின்றன. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் அவற்றின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்திருக்கலாம்; என்ன செடி என்று கேட்டார்களோ என்னவோ!

நாற்காலி செய்தே காடு சுத்தமாகும் என்று நம்புவது அப்பாவித்தனம். வேலைக்கு ஆகும் தண்டைத்தான் வெட்டுகிறார்கள். அடிக்கட்டை அடுத்த மழையில் துளிர்த்துவிடும். டெல்லிப் பல்கலைக்கழகத்து சி.ஆர்.பாபு குழுவினர் சொன்ன முறை வேறு: மண்ணுக்குச் சற்றுக் கீழே வேர்க்கட்டையை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். அதுவும் பழம் பழுக்கும் முன்பே. பிறகும் வருடா வருடம் வந்து நாற்று பிடுங்க ஆள் வேண்டும். வெலிங்டனில் அந்த ஆள் கூலியில்லாமல் கிடைக்கிறார். வீடும் சாப்பாடும் உறுதியானவர் அவர். சோலிகரிடம் அந்த வேலையைக் கூலியில்லாமல் கேட்க நமக்கு வாய் வரக்கூடாது என்பது என் எண்ணம்.

அக்கா மகனுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். மலையில் வாங்கிய உன்னி நாற்காலி எங்கள் வீட்டு வராந்தாவில் கிடக்கிறது. அடுத்த முறை வரும்போது அதில் தானும் ஒன்று வாங்கி வெலிங்டனுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டான். நியூசிலாந்து விமான நிலையத்தில் மரச்சாமானைக் குடைந்து குடைந்து சோதிப்பார்களாமே, விசாரித்துக்கொள் என்றேன்.