மணல், களிமண், விரல்: சென்னைக் கல்வி வரலாற்றில் புலன்சார் பயிற்சியும் மதியிறுக்கமுடைய குழந்தைகளும்

முன்னுரை

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகைப்படுத்துங்கால் தொடு உணர்வை முதலறிவாகக் கொள்கிறது. மதியிறுக்கமுடைய (ஆட்டிசம்) குழந்தைகளுக்குக் களிமண், மணல், வண்ணம் ஆகியவற்றைக் கொண்டு அளிக்கப்பெறும் கலைச் செயல்பாடுகளும் இவ்வுணர்வையே பெரிதும் சார்ந்துள்ளன. இவற்றை அண்மையில் வந்த மேலைநாட்டு முறையாகக் கருதுவோர் பலர். இத்தகைய பொருள்கள் சென்னைக் கல்விக்குப் பழையவை என்பதையும், அவற்றைக் கையாளும் நோக்கே மாறியுள்ளது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மணலெழுத்தும் மாண்டிசோரியும்

திண்ணைப் பள்ளி மாணவர் மணலில் விரலால் எழுதிப் பழகினர். எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் இம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். 1797இல் அவர் வெளியிட்ட நூலின்வழி அது இங்கிலாந்திலும் அறியப்பட்டது.

பிரான்சில் இத்தார் என்னும் மருத்துவர், அவேரோன் காட்டுப்பகுதியில் பிடிபட்ட விக்டர் என்ற சிறுவனுக்குப் புலன்வழிப் பயிற்சி அளித்தார். விக்டர் மதியிறுக்கமுடையவனாக இருந்திருக்கலாம் எனப் பிற்கால ஆய்வாளர் சிலர் கருதுவர். இத்தாரின் முறையைச் செகுவென் அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு விரிவுபடுத்தினார். இவ்விருவரையும் கற்ற மரியா மாண்டிசோரி, 1907இல் உரோமில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். உப்புத்தாள் எழுத்துகளை விரலால் தடவிக் கற்பது அவர் முறைகளுள் ஒன்று.

மேற்குப் புறநகரான பூந்தமல்லியில், பார்வைத்திறன் குறைந்தோருக்கான அரசுப் பள்ளியில் பிரெயில் புள்ளிகள் வழியே தொடுகை எழுத்தறிவாயிற்று. இம்முறைகள் அனைத்திற்கும் அடிப்படை ஒன்றே: தொடுந்தோறும் அறிவு வளரும்.

மதியிறுக்கம் எழுப்பிய வினா

இவ்வடிப்படை எல்லாக் குழந்தைக்கும் பொருந்துவதன்று. 1943இல் லியோ கானர் பதினொரு குழந்தைகளை விவரித்தபோது, அவர்களுட் சிலர் இயந்திர ஒலிக்குப் பெரிதும் அஞ்சியதைக் குறித்தார். 1972இல் ஜீன் ஏயர்சின் நூல், புலன் செய்திகளை மூளை ஒருங்கிணைக்கும் முறையை முதன்மைப்படுத்தியது. 2013இல் அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் கையேடு, புலன் தூண்டலுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினையாற்றுவதை மதியிறுக்கத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

எனவே ஒரு குழந்தை விரும்பிப் பிசையும் களிமண், மற்றொரு குழந்தையின் கைக்குத் தாங்கவொண்ணாததாகலாம். கையை இழுத்துக்கொள்ளும் குழந்தையை 'அடம்பிடிக்கிறது' எனக் கொள்வது பழைய நோக்கு. அதனைக் குழந்தை தரும் செய்தியாகக் கொள்வது புதிய நோக்கு. புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சைக்கான சான்றுகள் போதுமானவையல்ல என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல் தெரிவித்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது.

சட்டமும் இடமும்

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மதியிறுக்கத்தைக் குறிப்பிடவில்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனை ஏற்றது; 2016இன் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக்கியது. பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் 2005இல் முட்டுக்காட்டில் அமைந்தது. ஆவடி, அம்பத்தூர்ப் பெற்றோருக்கு அது நகரின் மறுகோடி. ஆகவே அன்றாடப் பயிற்சி வீட்டையும் அருகிலுள்ள பள்ளியையும் சார்ந்தே நிற்கிறது. அங்குக் கோலமாவும் களிமண்ணும் எளிதிற் கிடைப்பவை. குழந்தையின் மறுப்பைப் படிக்கத் தெரிந்த ஆசிரியரே அரியர்.

முடிவுரை

புலன்சார் கலைக்கான பொருள்கள் இம்மண்ணில் முன்பே உள்ளன. மாவை முதலில் கரண்டியால் அள்ளவும், விரும்பும்போது விரலால் தொடவும், வேண்டாதபோது விலகவும் குழந்தைக்கு இடமளிப்பதே மதியிறுக்கம் இந்நெடிய மரபில் சேர்த்த பாடமாகும். ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டம் இதனை உட்கொள்ளுதல் வேண்டும்.