டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்த கதை

போன ஞாயித்துக்கிழமை தங்கச்சி மகன் வந்திருந்தான். அவன்தான் இப்ப நம்ம டிராக்டரை ஓட்டுறான். "மாமா, முன்னாடி ஒரு எல்.இ.டி. பார், பின்னாடி நாலு லைட்டு, ஒரு ஆம்ப்ளிஃபயர், ரெண்டு பெரிய ஸ்பீக்கர் போடப் போறேன்"னான். "கரண்டு எங்கேருந்துடா வரும்?"னு கேட்டேன். "பேட்டரியிலேருந்து"ன்னான். டவுன்ல கார் வச்சிருக்கிற உங்கள்ல பாதிப் பேரும் இதைத்தான் சொல்வீங்க. பேட்டரி ஒரு குதிர் மாதிரி. போட்டு வச்ச நெல்லைத்தான் எடுக்க முடியும், அதுல எதுவும் விளையாது. வண்டியில கரண்டை விளைவிக்கிறது வேற ஒண்ணு. அந்தக் கதையைத்தான் இன்னைக்கு எழுதுறேன்.

ஆரம்பத்துல மோட்டார் வண்டிக்குக் கரண்டு விளக்கே கிடையாது. கார்பைடு கல்லுல தண்ணி சொட்ட விட்டு, அதுல வர்ற கேஸைக் கொளுத்தித்தான் முன் விளக்கு எரியும். இன்ஜினைக் கிளப்பணும்னா முன்னாடி நின்னு கைப்பிடியைச் சுத்தணும். அது திருப்பி அடிச்சு மணிக்கட்டு ஒடிஞ்சவங்க உலகம் பூரா உண்டு. 1912-ல அமெரிக்காவுல காடிலாக் காருக்கு கெட்டரிங் என்ற இன்ஜினியர் செல்ஃப் ஸ்டார்ட்டும் கரண்டு விளக்கும் சேர்த்துக் கொடுத்தார். அதுக்கப்புறம்தான் பேட்டரியும் அதை நிரப்புற டைனமோவும் வண்டிக்கு வழக்கமாச்சு.

நம்ம பக்கம் 1911-ல மதுரையில டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொழிலை ஆரம்பிச்சார். பஸ் விட்டார். அந்தக் கம்பெனி பஸ் திருச்சி வரைக்கும் ஓடுச்சு. இன்னைக்கும் திருச்சியில டி.வி.எஸ். டோல்கேட்டுன்னு ஒரு இடம் இருக்கே, அந்தப் பேர்தான். (கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிற நம்பர் ஒன் டோல்கேட் வேற, வெளியூர்க்காரங்க குழப்பிக்காதீங்க.) அப்புறம் 1961-ல அதே குடும்பம் இங்கிலாந்து லூகாஸ் கம்பெனியோட சேர்ந்து லூகாஸ் டி.வி.எஸ். ஆரம்பிச்சு, சென்னைக்குப் பக்கத்துல பாடியில வண்டிக்கான எலக்ட்ரிக் சாமான் செஞ்சாங்க. நம்ம ஊர் ஒர்க் ஷாப்புல கழட்டிப் போட்ட பழைய டைனமோவைத் துடைச்சுப் பார்த்தா பல தடவை லூகாஸ்னு எழுத்து தெரியும்.

டைனமோவுல என்ன குறைன்னா, கரண்டு உண்டாகுற காயில் நடுவுல சுத்துது. சுத்துற பொருள்லேருந்து மொத்தக் கரண்டையும் ரெண்டு கார்பன் கட்டை வழியா வெளியே எடுக்கணும். கார்பன் தேயும், பொறி பறக்கும். ரொம்ப வேகமா சுத்தினா உள்ளே கட்டின காயில் பிச்சுக்கும். அதனால மெதுவாத்தான் சுத்த விடணும். மெதுவா சுத்தினா, வண்டி நின்னு உறுமுறப்போ கரண்டு அநேகமா வராது. பழைய அம்பாசடர்ல சிக்னல்ல நின்னா விளக்கு மங்குமே, அதுதான் காரணம். அந்தக் காலத்துக் கார் டைனமோ நல்லா ஓடினா 22 ஆம்ஸ் கொடுக்கும். அதுவும் முழு வேகத்துல.

ஆல்டர்னேட்டர்ல அதையே தலைகீழாப் போட்டுட்டாங்க. நடுவுல சுத்துறது காந்தக் காயில் மட்டும். அதுக்கு ரெண்டு மூணு ஆம்ஸ் போதும், கார்பன் சீக்கிரம் தேயாது. பெரிய கரண்டு வெளியே அசையாம இருக்கிற காயில்ல உண்டாகுது. புல்லியைச் சின்னதா போட்டு எவ்வளவு வேகமாவும் சுத்தலாம். நின்னு உறுமுறப்போவும் பேட்டரி ஏறும். ஆனா வர்றது வீட்டுக் கரண்டு மாதிரி ஏ.சி., பேட்டரிக்கு டி.சி. வேணும். அதை மாத்துறதுக்கு அப்போ இருந்தது செலினியம் தகடு அடுக்கு. அது பெரிசு, சூடும் ஆகும். அமெரிக்காவுல போலீஸ் வண்டி, ஆம்புலன்ஸ், பஸ்ஸுன்னு ரேடியோவும் கூடுதல் விளக்கும் வச்சவங்கதான் முதல்ல அந்தச் செலவைச் செஞ்சாங்க. கடுகு மாதிரி சிலிக்கான் டயோடு வந்த பிறகு, 1960-ல கிரைஸ்லர் கம்பெனி சாதாரண காருக்கும் ஆல்டர்னேட்டர் போட்டுச்சு. ஆக, 'எக்ஸ்ட்ரா சாமான் மாட்டணும்'ங்கிற ஆசையிலதான் அது வண்டிக்குள்ளயே வந்தது. என் மருமகன் ஆசை புதுசு இல்லை.

ரயில்லயும் இதே கதைதான். 1928-ல நாகப்பட்டினத்துலேருந்து நம்ம பொன்மலைக்கு ரயில்வே பட்டறை வந்துச்சே, அந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு அடியில பெல்ட் போட்டு அச்சுலேருந்து சுத்துற 24 வோல்ட் டைனமோதான். விளக்கு மினுக் மினுக்னு எரியும். ஃபேனும் விளக்கும் கூடக்கூட 110 வோல்ட் ஆல்டர்னேட்டருக்கு மாறினாங்க. சாதாரணப் பெட்டிக்கு நாலரை கிலோவாட். அடியில ஆல்டர்னேட்டர் வச்ச ஏ.சி. பெட்டிக்கு 25 கிலோவாட். ஒண்ணு கவனிங்க: மெஷினை மட்டும் மாத்தலை, வோல்ட், பேட்டரி, ஒயரிங் எல்லாத்தையும் சேர்த்து மாத்தினாங்க. இதுதான் நான் கத்துக்காம விட்ட பாடம்.

எங்க நிலம் திருவானைக்காவலுக்குக் கிழக்கே, கல்லணை போற ரோட்டுல. 1993 புரட்டாசி. சம்பா நடவு நெருக்கிப் பிடிச்சுது. அப்பா பழைய டிராக்டர் ஒண்ணு வாங்கி வாடகைக்கு சேத்துழவு ஓட்டினார். பகல்ல ஓட்டி முடியலை, ராத்திரியும் ஓட்டணும். மட்கார்டு மேல நாலு விளக்கு மாட்டினேன். கணக்கு இதுதான்: ஹெட்லைட் ரெண்டும் 45 வாட், மத்த நாலும் 55 வாட். மொத்தம் 310 வாட். 12 வோல்ட்டால வகுத்தா ஏறக்குறைய 26 ஆம்ஸ். டைனமோ சேத்துக்குள்ள ஏறி இறங்குற வேகத்துல 12 ஆம்ஸ் கொடுத்தாலே பெரிசு. பாக்கி 14 பேட்டரியிலேருந்து போகணும். பழைய பேட்டரி. நாலு மணி நேரத்துல விளக்கு சிவப்பாயிடும், காலையில செல்ஃப் எடுக்காது.

பாலக்கரையில எனக்குத் தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் பாய், உடைச்ச வேன்லேருந்து 65 ஆம்ஸ் ஆல்டர்னேட்டர் ஒண்ணு எடுத்துக் கொடுத்தார். "தம்பி, பழைய கட்-அவுட்டைக் கழட்டிடு. பேட்டரிக்குப் போற ஒயரைத் தடிமனா மாத்து. டேஷ்போர்டு ஆம்ஸ் மீட்டர் வழியா விடாதே, நேரா விடு. நடுவுல ஒரு பெரிய ஃபியூஸ் போடு. எர்த் ஒயரையும் மாத்து. பாசிட்டிவ் நெகட்டிவ் மாத்திக் கொடுத்தா டயோடு அத்தனையும் போயிடும்"னார். எல்லாத்துக்கும் தலையாட்டினேன். கட்-அவுட்டைக் கழட்டினேன், பேட்டரி முனையைச் சரியா கொடுத்தேன். செம்பு ஒயர் விலையைக் கேட்டதும் அதை மட்டும் அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு விட்டேன்.

அன்னைக்கு ராத்திரி பேட்டரி காலி. தள்ளித்தான் கிளப்பினோம். காலியான பேட்டரியைப் பார்த்தா ஆல்டர்னேட்டர் அடக்கமா கொடுக்காது, முடிஞ்ச மட்டும் தள்ளும். விளக்குக் கரண்டும் சேர்ந்து, 22 ஆம்ஸுக்குன்னு போட்ட ஒயர்ல அத்தனையும் போச்சு. ரெண்டாவது சுத்து வர்றதுக்குள்ள டேஷ்போர்டுக்கு அடியில புகை, அப்புறம் தீ. அப்பா இறங்கி ஓடலை. வண்டிக்கு இன்னும் கடன் இருந்துச்சு. எரியுற ஒயரைக் கையாலயே பிடிச்சு பேட்டரியிலேருந்து பிடுங்கினார். நான் சேத்தை அள்ளி அப்பினேன். விளக்கு அத்தனையும் போய் வயல் இருட்டாயிடுச்சு. அப்பா "கை போச்சுடா"ன்னு மட்டும் சொன்னார்.

உள்ளங்கைத் தோல் மறுபடி வர்றதுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. அந்த வருஷ நடவுல அவர் நாத்தைத் தொடலை. ஒயர் பணத்தை மிச்சம் பிடிச்சது நான்னு அவருக்குத் தெரியும். கடைசி வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அதனால, கார்ல புதுசா எதையாவது மாட்ட நினைக்கிறவங்க முதல்ல வாட்டைக் கூட்டி 12-ஆல வகுங்க. வண்டியில ஏற்கெனவே ஓடுறதையும் சேருங்க. ஆல்டர்னேட்டர் கொடுக்கிறதுக்குள்ள அடங்கலைன்னா பெரிசா போடுங்க. பெரிசா போட்டா ஒயர், எர்த், ஃபியூஸ், பெல்ட் நாலையும் அதுக்குத் தகுந்த மாதிரி மாத்துங்க. வாய்க்காலை அகலப்படுத்தாம மதகைத் திறந்தா கரைதான் உடையும்.

மருமகன்கிட்ட இவ்வளவையும் சொன்னேன். தாத்தா கையில தழும்பு இருந்தது அவனுக்கு ஞாபகம் இருக்கு, எப்படி வந்ததுன்னு தெரியாது. இன்னைக்குக் காலையில டிராக்டரைப் பாலக்கரைக்கு எடுத்துட்டுப் போயிருக்கான். இப்ப கடையில இருக்கிறது பாயோட மகன். ஒயர் பில்லைக் காட்டினாத்தான் ஆல்டர்னேட்டருக்குப் பணம்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.