மச்சைத் தாங்கும் மரம்



கடம்பத்தூரில் எங்கள் முன்னோர் கட்டிய மச்சு வீடு ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி அடைமழையில், நள்ளிரவில் கூடத்தின் மேலே 'படீர்' என்றோர் ஓசை எழுந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். தளத்தைத் தாங்கும் தேக்குக் கட்டைகளுள் ஒன்று அடிப்புறத்தில் வெடித்திருந்தது. "இடித்துவிட்டுக் கான்கிரீட் போடுவோம்" என்றனர் வீட்டார். "ஒரு கட்டைக்காக ஒரு வீட்டையா?" என்றார் முதிய தச்சர் ஒருவர். அவ்வினாவே என்னை வரலாற்றின் பக்கம் திருப்பியது.

'மெட்ராஸ் டெரஸ்' என்று பொறியாளர் குறிப்பிடுவது இத்தளத்தைத்தான். சுவருக்குச் சுவர் மரக்கட்டைகளை வரிசையாக இடுவர். அவற்றின்மேல் சிறிய, மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டாகக் குத்தி நிறுத்துவர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, பல நாட்கள் மரக்கட்டையால் அடித்து இறுக்குவர். இறுதியில் தட்டோடு பதிப்பர். எல்லாச் சுமையும் அம்மரங்களின்மேல் அன்றோ!

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப் பாதை 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை திறக்கப்பட்டது. அது எங்கள் ஊர் வழியே செல்வது. கப்பலில் வந்த பர்மாத் தேக்கு உள்நாட்டு ஊர்களை எளிதாக அடைய அத்தகைய பாதைகள் உதவின. பின்னர் இரும்பு உத்திரமும் சிமென்டும் வந்தன; மரத்தின் மதிப்பு குறைந்தது.

ஆயினும் பழைய முறை அழிந்துவிடவில்லை. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 18-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனையின் கலசமகால் 2012 ஜனவரியில் தீக்கிரையாயிற்று. கூரை சரிந்தது, தீயணைக்கச் சென்ற அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். எஞ்சிய சுவர்களை இடித்துத் தள்ளாமல், அரசு அக்கட்டடத்தைப் பின்னர் மீட்டெடுத்தது.

இனி, எங்கள் கட்டை ஏன் வெடித்தது? சுமை ஏறிய கட்டையின் மேற்புறம் நசுங்கும், அடிப்புறம் இழுபடும். ஆகவே வெடிப்பு பெரும்பாலும் அடியில், கணு உள்ள இடத்தில் தொடங்கும். தச்சர் முதலில் மரத்தைத் தொடவில்லை, மாடிக்கு ஏறினார். மழைநீர்த் தாரை அடைபட்டிருந்தது. ஒழுக்கை நிறுத்த ஆண்டுதோறும் நாங்கள் பூசிய சிமென்டுப் பூச்சு கனத்திருந்தது. குற்றம் மரத்தினுடையது அன்று, எங்களுடையதே.

தாரையைத் திறந்து பூச்சைப் பெயர்த்தோம். வெடித்த கட்டைக்கும் அதன் இருபக்கக் கட்டைகளுக்கும் முட்டுக் கொடுத்தோம். ஆப்புகளைச் சிறிது சிறிதாக இறுக்கினார் தச்சர். ஒரேயடியாகத் தூக்கினால் மேலுள்ள சுண்ணாம்புத் தளம் பிளக்கும். உலர்ந்த தேக்குக் கட்டை இரண்டினை இருபுறமும் அணைத்து, சுவரிலே நன்கு அமர்த்தி, திருகாணிகளால் பிணைத்தார். அவை அகலம் குறைந்து உயரம் மிகுந்திருந்தன. காரணம் கேளுங்கள்: கட்டையின் அகலம் இரு மடங்கானால் வலிமை இரு மடங்காகும், உயரம் இரு மடங்கானாலோ நான்கு மடங்காகும். இக்கணக்கை ஏட்டில் கற்றவன் நான். கையால் கற்றவர் அவர்.

அடுத்த மழையில் அக்கட்டையின் கீழேயே பாய் விரித்துப் படுத்தேன். ஒரு துளியும் ஒழுகவில்லை. பழைய வீட்டைக் காக்க வேண்டுமா, இடிக்க வேண்டுமா என்பது பிந்திய வினா. அது எவ்வாறு நிற்கிறது என்று அறிவதே முந்திய கடன்.