தோட்டம் பட்டணமானது, வேட்டை எங்கே போனது?



சிலாங்கூரில் ஒரு காலத்தில் தோட்ட எல்லையைத் தாண்டினால் காடும் சதுப்பும்தான். ஓய்வு நாளில் நம் பாட்டன்மார் நாய்களைக் கூட்டிக்கொண்டு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவார்கள். கிடைத்த கறியைக் கூறு போட்டு லயத்து வீடுகளுக்குப் பகிர்வார்கள். அது வெறும் பொழுதுபோக்கா? இல்லை. பன்றி இளங்கன்றுகளைத் தோண்டித் தின்னும். ஆகவே வேட்டை பயிருக்குக் காவல். கூலிக்காரன் வீட்டுக்குக் கறிச்சோறு.

பிறகு பட்டணம் தோட்டத்துக்குள் வந்தது. 1950களில் எஃபிங்ஹாம் தோட்டத்தில் பெட்டாலிங் ஜெயா எழுந்தது. 1976இல் சீபீல்ட் தோட்டத்தில் சுபாங் ஜெயா தொடங்கியது. சுங்கை ரெங்கம் தோட்ட நிலத்தில் அமைந்த ஷா ஆலாம் 1978இல் மாநிலத் தலைநகரானது. 1995இல் பிராங் பெசார் தோட்டத்தில் புத்ராஜெயா கட்டுமானம் ஆரம்பமாயிற்று.

வேட்டையை நிறுத்தியது சட்டம்தான் என்பார்கள். 1972, 2010ஆம் ஆண்டுகளின் வனவிலங்குச் சட்டங்கள் உரிமம் கேட்டது உண்மையே. ஆனால் சட்டம் வேட்டைக்காரனைத்தான் கட்டுப்படுத்தும். தாமான் நிலத்தையே எடுத்துக்கொண்டது. வேடன் ஒரு பன்றியைக் கொன்றால் காட்டில் மறுபடி குட்டி பிறக்கும். தார் போட்ட மண்ணில் எது பிறக்கும்? இடமிழந்த விலங்கு இன்று வீட்டோரம் குப்பையைக் கிளறினால், 'தொல்லை' என்கிறோம். பால்மரம் சீவிய குடும்பங்களும் அந்த மண்ணை விட்டுப் பெயர்ந்துவிட்டன.

மாணவர்களே, பலகையில் இருப்பது புதுப் பெயர்தான். பழைய பெயர் உங்கள் தாத்தாவுக்குத் தெரியும். எங்கே எந்தத் தோட்டம், எந்த ஆற்றோரம் பன்றித்தடம் என்று இன்றே கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் நம் வரலாறுதான்!