ஐந்தொகையும் கரும்பு பாக்கியும்



சென்ற மாதம் ஒரு துக்க காரியத்துக்காக முகையூர் போயிருந்தேன். அங்கே என் பெரியப்பா மகன் என்னைத் தனியே திண்ணைக்கு அழைத்துப்போனார். கரும்பு போடுகிறவர். வெட்டி அனுப்பிப் பல மாதம் ஆகியும் ஆலையிலிருந்து பணம் முழுதாக வரவில்லை. பேரன் அந்தக் கம்பெனியின் ஐந்தொகையைச் செல்போனில் தேடி எடுத்து அச்செடுத்துக் கொடுத்திருக்கிறான். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"தம்பி, நீ கணக்குவழக்கு பார்த்தவன். நிலையான சொத்துன்னு கோடிக்கணக்குல போட்டிருக்கான். இவ்ளோ வச்சிக்கினு நமக்குக் குடுக்க மட்டும் காசு இல்லன்றான். எப்படி?"

"அண்ணே, அது காசு இல்லண்ணே" என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. அன்று அவசரத்தில் சரியாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தில் ஐந்தொகை கிடையாது. டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர் உண்டு. நாற்காலி 14, மேசை 6, இரும்பு பீரோ 3 என்று எண்ணிக்கை இருக்கும், மதிப்பு இருக்காது. கால் உடைந்த நாற்காலியும் கண்டம் செய்து உத்தரவு வரும்வரை முழு நாற்காலிதான். கம்பெனிக் கணக்கு அப்படி இல்லை. ஒரு பொருள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு தேய்ந்தது என்று அங்கே எழுதியாக வேண்டும்.

இந்த வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரான்சில் 14ஆம் லூயி மன்னரின் அமைச்சர் கொல்பேர் காலத்தில், 1673இல் ஒரு வணிகச் சட்டம் வந்தது. ஒவ்வொரு வியாபாரியும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தன் அசையும் சொத்து, அசையாச் சொத்து, வரவேண்டிய கடன், கொடுக்கவேண்டிய கடன் எல்லாவற்றையும் பட்டியல் போட வேண்டும் என்றது அது. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை 1664இல் தொடங்கியவரும் இதே கொல்பேர்தான். அந்தக் கம்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் 1674இல் புதுச்சேரியில் வந்து நிலைகொண்டார்.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு நிலையான சொத்து என்றால் 'இம்மொபிலிசாசியோன்' என்ற சொல்தான் நினைவுக்கு வரும். அசையாமல் கட்டிப்போட்டது என்று பொருள். லாரியும் ரயில் எஞ்சினும்கூட அந்தத் தலைப்பில்தான் வரும். ஓடுகிற வண்டி எப்படி அசையாதது என்று எனக்கும் முன்பு குழப்பம் இருந்தது. அசையாமல் இருப்பது வண்டி அல்ல, அதில் போட்ட பணம். விற்பதற்காக வாங்கிய சரக்கு நாளைக்கே காசாகும். வைத்து வேலை வாங்குவதற்காக வாங்கிய பொருளில் போட்ட பணம் பல வருடங்களுக்குத் திரும்பாது.

இதை நம் பக்கத்தில் பெரிய அளவில் கொண்டுவந்தது ரயில்தான். 1874இல் இரண்டு பழைய கம்பெனிகளைச் சேர்த்துத் தென்னிந்திய ரயில்வே உருவானது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879இல் ரயில் வந்தது. பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த பாதை புதுச்சேரி ரயில்வே என்ற தனிக் கம்பெனியின் சொத்து. அதில் வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. ஒரே தண்டவாளம், இரண்டு கம்பெனிகளின் ஏட்டில் இருந்தது.

அந்தக் காலத்து ரயில்வே கணக்கில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. பாதை என்றைக்கும் இருக்கும், பழுதானதை அவ்வப்போது மாற்றினால் போதும் என்று தேய்மானம் எழுதாமலே விட்டார்கள். இந்தியாவின் ஆரம்பகால ரயில்வே கம்பெனிகளுக்குப் போட்ட முதலுக்கு 5 சதவீதம் வருமானம் என்று அரசு உத்தரவாதமும் கொடுத்திருந்தது. செலவு கூடினாலும் நஷ்டமில்லை என்றால் யார் சிக்கனம் பார்ப்பார்கள்? அந்தப் பணம் வரி கட்டியவர்களிடமிருந்து போனது. முதல் உலகப் போரின்போது புதுப்பிக்கும் வேலைகள் தேங்கிப்போயின. பிறகு ஆக்வொர்த் கமிட்டி வந்தது. 1924இல் ரயில்வே கணக்கு பொதுக் கணக்கிலிருந்து பிரிக்கப்பட்டு, தேய்மான நிதி தனியே ஏற்பட்டது.

இப்போது அண்ணனின் தாளுக்கு வருகிறேன். 60,000 ரூபாய்க்கு ஒரு பம்ப்செட் வாங்குகிறோம், 15 வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 4,000 தேய்மானம். ஐந்து வருடம் கழித்து ஏட்டில் 40,000 இருக்கும். இந்த 40,000 பெட்டியில் இல்லை. சந்தையில் கொண்டுபோனால் அவ்வளவு கிடைக்கும் என்றும் அர்த்தமில்லை. வாங்கிய விலையில் இன்னும் செலவாக எழுதாத பாக்கி, அவ்வளவுதான். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் அட்டவணையில் பொதுவான இயந்திரங்களுக்கு 15 வருடம், ஆலைக் கட்டடத்துக்கு 30 வருடம், கம்ப்யூட்டருக்கு 3 வருடம் என்று ஆயுள் போட்டிருக்கிறது.

நிலத்துக்கு மட்டும் தேய்மானம் கிடையாது. விழுப்புரத்தில் மீட்டர்கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்து அகலப் பாதை போட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். நீராவி எஞ்சின் போனது, டீசல் வந்தது, மின்சாரம் வந்தது. அடியில் இருக்கும் மண் அதே மண். ஆனால் ஏட்டில் பெரும்பாலும் அன்று வாங்கிய விலையிலேயே நிற்கும். ஆகவே பழைய ஆலையின் நிலம் ஏட்டு மதிப்பைவிடப் பல மடங்கு பெறலாம். அதன் இயந்திரம், ஆலை நின்றுவிட்டால், இரும்பு விலைக்குப் போகலாம். ஒரே தலைப்பின் கீழ் இந்த இரண்டும் இருக்கின்றன.

இன்னொன்று, அந்த நிலமும் இயந்திரமும் அநேகமாக வங்கியில் அடமானமாக இருக்கும். கம்பெனி திவாலானால், 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டப்படி, நடவடிக்கைச் செலவுக்குப் பிறகு அடமானக் கடன் கொடுத்தவர்களும் 24 மாதக் கூலி பாக்கி உள்ள தொழிலாளர்களும் முன்வரிசையில் நிற்பார்கள். சரக்கு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவன் பின்வரிசை.

ஆகவே கரும்பு கொடுத்தவர் பார்க்க வேண்டியது அந்தப் பெரிய தொகையை அல்ல. அதற்குப் பக்கத்தில் நடப்புச் சொத்து என்று இருக்கும்: கையிருப்பு ரொக்கம், கிடங்கில் உள்ள சர்க்கரை, வரவேண்டிய பாக்கி. எதிர்ப்பக்கத்தில் ஒரு வருடத்துக்குள் கொடுக்கவேண்டிய கடன் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் ஆலையின் நிலைமை தெரியும்.

அதற்காகப் பணம் கேட்க உரிமை இல்லை என்று ஆகிவிடாது. 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி. நில வருவாய் பாக்கியைப் போலக் கலெக்டர் மூலம் வசூலிக்கவும் வழி இருக்கிறது.

நேற்று இதையெல்லாம் போனில் அண்ணனுக்குச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப ஆலை நிக்காம ஓடினாத்தான் நமக்குக் காசுன்னு சொல்லு" என்றார்.

"ஆமாண்ணே. ஆனா மனு இன்னிக்கே போடலாம்" என்றேன்.

கரும்பு அனுப்பிய ரசீதுகளை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். வரும் திங்கட்கிழமை முகையூர் போய் மனுவை நானே எழுதிக்கொடுப்பதாக இருக்கிறேன்.