கம்பியில்லாச் செய்தியும் இரு காவல்களும்

மலைநாட்டு லயன்களில் ஒரு காம்பராவிற் பேசும் பேச்சு அடுத்த காம்பராவிலும் கேட்கும். கம்பியில்லாச் செய்தியின் இயல்பும் அதுவே. அனுப்புபவர் ஒருவராயினும், கேட்கக்கூடியவர் பலர். ஆதலின் அதற்கு இரு காவல்கள் வேண்டும். பிறர் அறியாவண்ணம் செய்தியை மறைத்தல் ஒன்று; தொடர்புகொள்வோர் இன்னாரென உறுதிப்படுத்தல் மற்றொன்று.

பின்னையது தமிழர்க்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தார் பொதிகளிற் சோழரின் புலி இலச்சினையைப் பொறித்தமையைப் பட்டினப்பாலை கூறும். இலச்சினை பொருளை மறைப்பதில்லை. அது உரிய வழியே வந்ததென்று சான்று பகர்கின்றது.

இன்று வைஃபை எனப்படும் முறைக்கு 1997ஆம் ஆண்டில் விதிகள் வகுக்கப்பட்டபொழுது, டபிள்யூ.ஈ.பி. என்னும் காவலும் உடன் பிறந்தது. கம்பிக்கு நிகரான அந்தரங்கம் என்பது அப்பெயரின் பொருள். பெயர் பெரிது; காவலோ சிறிது. எல்லோருக்கும் ஒரே திறவுகோல். அதனோடு செய்திக்குச் செய்தி மாறவேண்டிய எண்ணும் ஏறத்தாழ 1 கோடியே 68 இலட்சம் வகைகளுள் அடங்கியது. போக்குவரத்து மிகுந்த இடத்தில் அவ்வெண் மீண்டும் மீண்டும் வந்தது. 2001இல் ஃபுளூரர், மன்டின், ஷமீர் என்னும் மூவர் அப்பூட்டைத் திறக்கும் வழியை வெளியிட்டனர். 2003இல் டபிள்யூ.பி.ஏ. வந்தது; 2004இல் அதன் வலிய இரண்டாம் வடிவம் தொடர்ந்தது. அதிலும் 2017இல் வான்ஹோஃப் என்னும் பெல்ஜிய அறிஞர் ஒரு குறையைக் காட்டினார். மூன்றாம் வடிவம் 2018இல் வெளியாயிற்று. எந்தப் பூட்டும் என்றைக்கும் உரியதன்று என்பதே இவ்வரலாற்றின் பாடம்.

ஆகவே பாடசாலையிலோ தோட்ட அலுவலகத்திலோ வைஃபைக் கருவியைப் பொருத்துவோர், அதனுடன் வந்த நிருவாகக் கடவுச்சொல்லை முதலில் மாற்றுதல் வேண்டும். மூன்றாம் வடிவத்தையும், அது இயலாவிடின் இரண்டாம் வடிவத்தையும் தெரிந்து, நீண்ட கடவுச்சொல் அமைத்தல் நன்று. பலர் பயன்படுத்துமிடத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப்பெயரும் தனிக்கடவுச்சொல்லும் வழங்கினால், ஒருவர் விலகும்பொழுது அவருடைய வழியை மட்டும் அடைக்கலாம். கருவியின் பெயரை மட்டும் நம்புதலும் தகாது. அதே பெயரைப் பிறரும் தம் கருவிக்குச் சூட்டலாம்.

எனினும் பூட்டு வழியைக் காக்குமேயன்றி, அவ்வழி வரும் சொல்லின் வாய்மைக்குப் பொறுப்பேற்காது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மீரியபெத்தவில் மலை சரிந்து லயன்களை மூடியது. அத்தகைய சரிவுகளிற் கீழே வாழ்வோர்க்கு வரும் எச்சரிக்கையை மறைக்க வேண்டுவதில்லை. அது எல்லோர் செவிக்கும் எட்டவேண்டும். ஆனால் அது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவகம் போன்ற உரிய இடத்திலிருந்து வந்ததென்பது உறுதியாதல் வேண்டும். பொய்யெச்சரிக்கை இருமுறை வந்தால், மூன்றாம் முறை வரும் மெய்யையும் மக்கள் நம்பார். மறைத்தல் வேண்டாத செய்திக்கும் இலச்சினை வேண்டும்.